வளைந்த மர நாற்காலியும் மொராவியாவின் டோனெட் தொழிற்சாலையும்

கேள்வி இது: தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கிடக்கும் ஒரு நாற்காலி. முதுகும் பின்னங்கால்களும் ஒரே மரக்கம்பை வளைத்துச் செய்தவை. இருக்கை வளையத்தின் உள்பக்கம் ‘டோனெட்’ என்று மங்கலான முத்திரை, கூடவே செக்கோஸ்லோவாக்கியா என்ற பெயர். தேடிப் பார்த்தால் டோனெட் ஜெர்மன் கம்பெனி என்று வருகிறது. அப்படியானால் இந்த நாற்காலியை எங்கே செய்தார்கள்? அந்தத் தொழிற்சாலை என்ன ஆயிற்று?

முதலில் நேரடிப் பதில். முத்திரை உண்மையானது என்றால், உங்கள் நாற்காலி பெரும்பாலும் மொராவியாவில் செய்தது. இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதி அது. அங்கே ஹோஸ்டீன் மலையடிவாரத்தில் பிஸ்ட்ரிட்சே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் பிஸ்ட்ரிட்ஸ் என்பார்கள். 1861-ல் டோனெட் குடும்பம் அங்கே கட்டிய நாற்காலித் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. டோனெட் என்ற பெயர்தான் அங்கே இல்லை. பெயர் ஜெர்மனியோடு போய்விட்டது, வேலை பிஸ்ட்ரிட்சேயில் நின்றுவிட்டது. இது எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டோனெட் பற்றிய கட்டுரைகளில் நாற்காலியின் அழகைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அதைச் செய்த ஆலையைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் இரண்டு வரிக்கு மேல் இருப்பதில்லை.

மிஹாயெல் டோனெட் 1796-ல் ரைன் நதிக்கரையில் போப்பார்ட் என்ற ஊரில் பிறந்தவர். தச்சர். 1819-ல் சொந்தப் பட்டறை போட்டார். அந்தக் காலத்து நாற்காலியில் ஒரு வளைவு வேண்டுமென்றால் இரண்டே வழிதான். பெரிய கட்டையிலிருந்து அந்த வளைவைச் செதுக்கி எடுக்கலாம். பாதி மரம் சீவலாகப் போகும், நாரோட்டம் குறுக்கே வெட்டுப்படுவதால் அந்த இடத்தில் ஒடியவும் செய்யும். அல்லது சிறு துண்டுகளை இணைத்து இணைத்து வளைவாக்கலாம். ஒவ்வொரு இணைப்பிலும் தச்சர் நேரம் செலவழிக்க வேண்டும். 1830-களில் டோனெட் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தார். மெல்லிய மரத்தகடுகளை வச்சிரப் பசையில் போட்டுக் கொதிக்கவைத்து, கட்டாகச் சேர்த்து, அச்சில் வளைத்துக் காயவிட்டார். நார் அறுபடாமல் வளைவு கிடைத்தது. நாற்காலி எடை குறைந்தது, உறுதி கூடியது.

1841-ல் கோப்லென்ஸ் நகரக் கண்காட்சியில் அவர் வைத்திருந்த சாமான்கள் ஆஸ்திரியாவின் முதல்வர் மெட்டர்னிஹ் கண்ணில் பட்டன. மெட்டர்னிஹுக்கு அந்தப் பகுதியில் சொந்த எஸ்டேட் இருந்தது. போப்பார்டிலேயே இருந்தால் ஏழையாகத்தான் இருப்பீர்கள், வியன்னாவுக்கு வாருங்கள் என்று அழைத்தார். டோனெட் போனார். 1842-ல் மரம் வளைக்கும் முறைக்கு அரச உரிமம் கிடைத்தது. அதே சமயம் ஊரில் கடன்காரர்கள் அவருடைய சொத்தைக் கைப்பற்றிக்கொண்டார்கள். வெளிநாடுகளில் காப்புரிமை வாங்குவதற்காகப் பட்ட கடன் அது. மனைவி மக்களையும் வியன்னாவுக்கு வரவழைத்தார். நாற்பத்தாறு வயதில், சொந்த ஊரில் ஒன்றும் மிச்சமில்லாமல், மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

வியன்னாவில் சில வருடம் லைஸ்ட்லர் என்ற பெரிய சாமான் உற்பத்தியாளருக்காக வேலை செய்தார். லீக்டென்ஸ்டைன் பிரபுக் குடும்பத்தின் நகர மாளிகைக்கு மரத்தளமும் நாற்காலிகளும் செய்தது அப்போதுதான். 1849-ல் மகன்களோடு தனிப் பட்டறை. அதே சமயத்தில் வியன்னாவின் டாவும் காபிக்கடைக்கு நாற்காலிகள் செய்து கொடுத்தார். இந்த ஆர்டரை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிரபு மாளிகைக்கு வேண்டியது இருபது நாற்காலி, அதுவும் ஒரே ஒரு முறை. காபிக்கடைக்கு எப்போதும் வேண்டும். அங்கே நாற்காலியை நாள் முழுக்க யாராவது இழுப்பார்கள், சாய்ப்பார்கள், தூக்கி மேசைமேல் கவிழ்ப்பார்கள். எடை குறைவாக, உடையாமல், விலை மலிவாக வேண்டும். டோனெட் நாற்காலியின் முகம் அன்றிலிருந்தே கடைப்பக்கம் திரும்பிவிட்டது. 1851 லண்டன் பொருட்காட்சியில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். 1853-ல் ஃப்ரான்ஸ், மிஹாயெல், ஆகஸ்ட், யோசெஃப், யாகோப் என்ற ஐந்து மகன்களின் பெயரில் கம்பெனியை எழுதிவைத்தார். ‘டோனெட் சகோதரர்கள்’ என்ற பெயர் அப்படி வந்தது.

ஏற்றுமதி தொடங்கியதும் ஒரு சிக்கல் தலைகாட்டியது. கடல் கடந்து, வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளுக்குப் போன நாற்காலிகளில் பசை இளகியது. தகடுகள் பிரிந்தன. வச்சிரம் போட்ட சாமான் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று நம் ஊர் ஆசாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். பசையே இல்லாமல் முழு மரத்தை வளைத்தாக வேண்டும் என்ற நெருக்கடி அங்கிருந்து வந்ததுதான். 1856-ல் முழு மரத்தை வளைப்பதற்கான உரிமம் டோனெட்டுக்குக் கிடைத்தது. 13 வருட உரிமம்.

இந்த முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பிஸ்ட்ரிட்சேயில் இன்றும் நடப்பது இதுதான். ஒரு மரக்கம்பை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்குப்படும். ஆவியில் வேகவைத்த பீச் மரத்தை (ஐரோப்பியக் காடுகளில் வளரும் கடினமான மரம்) உள்ளுக்குள் நெருக்கினால் நீளத்தில் கால்வாசி அளவு வரைகூட அமுங்கிக் கொடுக்கும். இழுத்தால் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குக்கு மேல் நீளாது, பிளந்துவிடும். ஆகவே மரம் வளைக்கும்போது ஒடிவது எப்போதும் வெளிப்பக்கத்தில்தான். டோனெட் செய்தது இதுதான்: கம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து, இரு முனையிலும் மரம் நகர முடியாதபடி இறுக்கினார். பட்டை நீளாது, அதனால் மரத்தின் வெளிப்பக்கமும் நீள முடியாது. வளைவின் பாரம் முழுவதும் உள்பக்கத்து நெருக்கத்துக்குப் போய்விடுகிறது. மரத்துக்கு எது முடியுமோ அதை மட்டும் செய்யச் சொல்வது. கேட்டால் எளிது. ஆனால் தகடும் பசையுமாக இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிய ஒருவருக்குத்தான் இது கிடைத்தது.

வேலை இப்படி நடக்கும். பீச் கட்டையை நாரோட்டம் பார்த்து நீளவாக்கில் அறுக்கிறார்கள். முடிச்சோ கோணலோ இருந்தால் அந்தக் கம்பு உதவாது. பிறகு கடைசல் இயந்திரத்தில் உருட்டுகிறார்கள். கம்பு எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்காது. எங்கே பொருத்து வருமோ அங்கே தடிப்பு, மற்ற இடத்தில் மெலிவு. அடுத்து நீராவிக் கலத்தில் வேகவைக்கிறார்கள். வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து கைக்கு அவகாசம் கொஞ்சம்தான், சூடு ஆறினால் மரம் மறுபடி விறைத்துவிடும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, பட்டையை மாட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, இரும்பு அச்சைச் சுற்றி நடந்தபடியே வளைக்கிறார்கள். இருவர் இழுப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் முந்தினால் கம்பு முறுக்கிக்கொள்ளும். வளைத்ததை அச்சோடு பிடித்து இறுக்கி, உலர்த்தும் அறைக்கு அனுப்புகிறார்கள். ஈரம் வற்றியபின் அச்சைக் கழற்றினால் மரம் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

இதற்குத் தேவை பீச் மரம், ஏராளமாக. வியன்னாவில் அது இல்லை. பழைய வழக்கப்படி மரத்தை நகரத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். டோனெட் குடும்பம் தொழிற்சாலையை மரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது. 1856-57-ல் மொராவியாவின் கோரிச்சானியில் முதல் ஆலை. 1861-ல் பிஸ்ட்ரிட்சே. பிறகு அன்றைய ஹங்கேரியில், இன்றைய ஸ்லோவாக்கியாவில், வெல்கே உஹெர்ட்சே. மறுபடி மொராவியாவில் ஹலென்கோவ், வ்செட்டீன். 1880-ல் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த போலந்தில் ராடொம்ஸ்கோ. 1889-ல் ஜெர்மனியின் ஹெஸ்ஸெ பகுதியில் ஃபிராங்கென்பெர்க். எல்லாம் காட்டோரம். பல இடங்களில் கம்பெனி காடுகளையே வாங்கியது. மரம் அறுக்கும் ஆலையும் அவர்களுடையது, இயந்திரங்களும் கருவிகளும் பெரும்பாலும் அவர்களே வடிவமைத்துச் செய்தவை.

காட்டோரம் போனதில் இன்னொன்றும் கிடைத்தது: கூலி குறைவான ஆட்கள். பிஸ்ட்ரிட்சேயைச் சுற்றியிருந்தவர்கள் மலைக்காட்டு விவசாயிகள். அவர்களில் தச்சர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தச்சர் தேவையும் படவில்லை. ஒரு நாற்காலியை முழுதாகச் செய்யத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாமல் ஆயிரக்கணக்கில் நாற்காலி செய்யும்படி வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்திருந்தார்கள். வளைப்பவர் வளைப்பார், அவ்வளவுதான். பெண்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள், சாயம் பூசினார்கள், பாலிஷ் போட்டார்கள், பெட்டியில் அடுக்கினார்கள். இருக்கைக்குப் பிரம்பு பின்னும் வேலை சுற்றுப்புற வீடுகளுக்கே போனது; பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்து பின்னிக் கொடுத்தார்கள். டோனெட்டை ‘நவீன வடிவமைப்பின் தந்தை’ என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த நாற்காலி மலிவானதற்கு நீராவி ஒரு காரணம் என்றால் மொராவிய கிராமத்துப் பெண்களின் குறைந்த கூலி இன்னொரு காரணம்.

1859-ல் வந்தது 14-ம் எண் நாற்காலி. உங்கள் வீட்டில் இருப்பது அதுவோ அதன் நெருங்கிய உறவோ ஆக இருக்கும், எண்ணிப் பாருங்கள். பின்னங்கால் இரண்டும் முதுகு வளைவும் சேர்ந்து ஒரே கம்பு. அதற்குள்ளே சின்ன வளைவு ஒன்று. இருக்கை வளையம். முன்னங்கால் இரண்டு. கால்களைச் சுற்றி ஒரு வளையம் (மிகப் பழைய நாற்காலிகளில் இந்தக் கால்வளையம் இருக்காது, பின்னால் சேர்த்தது). ஆக மொத்தம் ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. பசை போட்ட பொருத்து இல்லாததால் கழற்றியே அனுப்ப முடிந்தது. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. போய்ச் சேர்ந்த ஊரில் திருப்புளி வைத்திருக்கும் யாரும் மாட்டிவிடலாம். நாற்காலி வாங்கி வீட்டில் நாமே பொருத்திக்கொள்வது ஏதோ நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்களுக்கு, இது 160 வருடப் பழைய வழக்கம்.

1867 பாரிஸ் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1871 மார்ச்சில் மிஹாயெல் டோனெட் வியன்னாவில் காலமானார். 1930 வரை 14-ம் எண் மட்டும் சுமார் ஐந்து கோடி விற்றதாகக் கணக்கு.

இந்த நாற்காலியில் நம் பக்கத்துச் சரக்கும் இருந்தது. இருக்கைப் பிரம்பு தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. பாலிஷுக்குப் போட்ட அரக்கு உலகச் சந்தைக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. சாயம் ஏற்றி அரக்குப் பூசினால் வெளிறிய பீச் மரம் ஈட்டி மரம் போலவோ மஹாகனி போலவோ தெரியும். அந்த நாற்காலிகளில் ஒரு பகுதி கப்பலேறி இங்கேயே திரும்பியும் வந்தது. பம்பாய் இரானி கஃபேக்களின் வளைந்த மர நாற்காலிகள் மத்திய ஐரோப்பாவின் இந்த ஆலைகளிலிருந்து வந்த இனம்தான்.

இனி முத்திரை விஷயத்துக்கு வருவோம். உரிமம் 1869-ல் முடிந்தது. முடிந்த கையோடு போட்டியாளர்கள் கிளம்பினார்கள். முதலும் பெரியவருமான போட்டி, வியன்னாவின் யாகோப், யோசெஃப் கோன் கம்பெனி. அவர்களும் மொராவியாவுக்கே, வ்செட்டீனுக்கே போய் ஆலை வைத்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மரம் வளைத்துக்கொண்டிருந்தன. வியன்னாவின் புதிய கட்டடக் கலைஞர்கள் கோனோடும் நெருக்கமாக வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரான அடோல்ஃப் லோஸ் 1899-ல் கஃபே மியூசியம் என்ற காபிக்கடைக்குத் தேர்ந்த நாற்காலி கோன் செய்தது. ஆகவே பழைய வளைகம்பு நாற்காலி எல்லாமே டோனெட் இல்லை. கோன் முத்திரை இருந்தால் அதுவும் மதிப்புள்ளதே. தரத்தில் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் உலகப் போர் இந்தத் தொழிலின் அடித்தளத்தையே உடைத்தது. போருக்கு முன்பு காடு, ஆலை, வியன்னா கடை எல்லாம் பெரும்பாலும் ஒரே பேரரசுக்குள். 1918-க்குப் பிறகு பிஸ்ட்ரிட்சே செக்கோஸ்லோவாக்கியா, ராடொம்ஸ்கோ போலந்து, தலைமையகம் ஆஸ்திரியா. ஒவ்வொரு எல்லையிலும் சுங்கம். தனித்து நிற்க முடியவில்லை. கோன் கம்பெனி ஏற்கெனவே 1914-ல் முண்டுஸ் என்ற கூட்டமைப்போடு சேர்ந்திருந்தது. 1922-ல் டோனெட்டும் அதில் இணைந்து டோனெட்-முண்டுஸ் ஆனது. அதை நடத்தியவர் லியோபோல்ட் பில்ட்ஸர். யூதரான அவர் 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபின் அமெரிக்கா போய்விட்டார். அங்கே டோனெட் பெயரில் தொழில் தொடர்ந்தது. ஜெர்மன் கிளை டோனெட் குடும்பத்தின் கைக்குத் திரும்பியது.

இதற்கிடையில் 1920-களின் இறுதியில் ஃபிராங்கென்பெர்க் ஆலை வேறொரு பாதையில் இறங்கியிருந்தது: எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி. மார்செல் ப்ராயர், மீஸ் வான் டெர் ரோஹே ஆகியோரின் வடிவமைப்புகளைச் செய்தது. மரக்கம்புக்குப் பதில் இரும்புக் குழாய், மற்றபடி வளைப்பதுதான். ஆனால் அதே சமயத்தில் பழைய மர நாற்காலியும் மதிப்பு இழக்கவில்லை. 1925-ல் பாரிஸில் கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியே தன்னுடைய கண்காட்சி மண்டபத்தில் போட்டது டோனெட்டின் வளைகம்புக் கைநாற்காலியைத்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது டோனெட் இரண்டாகப் பிளந்தது. ஃபிராங்கென்பெர்க் ஆலை போரில் நாசமாகி, குடும்பம் அதை மீண்டும் கட்டியது. இன்று நீங்கள் கடையில் பார்க்கும் டோனெட் என்ற பெயருக்கு உரிய ஜெர்மன் கம்பெனி அதுதான். 14-ம் எண்ணை 214 என்ற எண்ணில் செய்கிறது. கிழக்கே செக்கோஸ்லோவாக்கியாவில் அரசு ஆலைகளைத் தேசியமயமாக்கியது. பிஸ்ட்ரிட்சே ஆலைக்கு 1953-ல் டொன் என்று பெயர் வைத்தார்கள். ‘வளைத்த மரச்சாமான் தொழிற்சாலை’ என்பதற்கான செக் சொற்களின் முதலெழுத்துகள். கம்யூனிச ஆட்சி போய், 1990-களில் தனியார் கைக்கு மாறியபோதும் அந்தப் பெயரை மாற்றவில்லை. ஆட்சி எத்தனை மாறியும் ஆவிக்கலம் மாறவில்லை: ஆஸ்திரியப் பேரரசு, செக்கோஸ்லோவாக்கியக் குடியரசு, ஜெர்மன் ஆக்கிரமிப்பு, கம்யூனிசம், இன்றைய செக் குடியரசு. இத்தனையிலும் அந்த வளாகத்தில் யாரோ இரண்டு பேர் பட்டையைப் பிடித்துக்கொண்டு அச்சைச் சுற்றி நடந்திருக்கிறார்கள். 14-ம் எண்ணையும் அங்கே இன்னும் செய்கிறார்கள். எது ‘உண்மையான’ டோனெட் என்ற வாதம் சேகரிப்பாளர்களிடையே ஓயாது. சட்டப்படி பெயர் ஃபிராங்கென்பெர்க்குக்கு. ஆனால் இந்த நாற்காலியை இடைவிடாமல் செய்துவந்த கைகள் எங்கே என்று கேட்டால் நான் பிஸ்ட்ரிட்சேயைத்தான் காட்டுவேன்.

உங்கள் நாற்காலியின் வயது: செக்கோஸ்லோவாக்கியா என்று இருப்பதால் 1918-க்கு முந்தையது இல்லை. டோனெட் என்ற பெயர் அங்கே 1953-ல் நின்றது. கூடவே ‘முண்டுஸ்’ என்ற சொல்லும் இருந்தால் 1922-க்குப் பிந்தையது. முத்திரை சுட்டதா, காகித ஒட்டியா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; காகிதமாக இருந்தால் அதைத் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம்.

பழுது பார்க்கப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம். ஆடினால் ஆணி அடிக்க விடாதீர்கள். வளைத்த மரத்தின் உள்பக்க நார் ஏற்கெனவே நெருங்கிக் கிடக்கிறது, ஆணி அதைப் பிளக்கும். கால்வளையத்தின் திருகாணிகளை இறுக்கினாலே பெரும்பாலும் ஆட்டம் நிற்கும். பழைய அரக்கு பாலிஷ் மேல் ஸ்பிரிட் படக்கூடாது, கரைந்துவிடும். இருக்கை கிழிந்திருந்தால், வளையத்தின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது கையால் பிரம்பு பின்னிய இருக்கை. பிரம்பு பின்னத் தெரிந்தவர் இன்றும் அதே துளைகள் வழியாகப் பின்னிக் கொடுப்பார். வேலை எளிது என்று துளைகளை மக்கு வைத்து அடைத்துவிட்டு பிளைவுட் பலகை போடச் சொல்பவர்களிடம் மட்டும் நாற்காலியைக் கொடுத்துவிடாதீர்கள்.